ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போட்ட ஒரு கையெழுத்தும் ஆஸ்பத்திரி வளாகத்துல கழிஞ்ச 67 ராத்திரியும்

போன வாரம் எங்க தையல் யூனிட்டுக்கு புதுசா வந்த பொண்ணு ஒண்ணு மத்தியானம் சாப்பிடும்போது பேச்சுவாக்குல சொல்லுச்சு, வீட்டுக்காரர் தவறி ஆறு மாசம் ஆகுதாம், மாமியார் வீட்ல "ஈபி பேர் மாத்தணும், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடும்மா"ன்னு கேக்குறாங்களாம். எனக்கு வாயில வெச்ச சோறு இறங்கல. அதே வார்த்தைய என்கிட்டயும் சொன்னாங்க, நானும் போட்டேன், அதுக்கப்புறம் அஞ்சு மாசத்துல மெட்ராஸ்ல ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி வளாகத்துல யாரோ ஒரு நோயாளிக்கு துணைக்கு வந்தவ மாதிரி நடிச்சுகிட்டு தரையில படுத்திருந்தேன். இத இதுவரைக்கும் என் கூடப்பிறந்த அண்ணன்கிட்ட கூட முழுசா சொன்னதில்ல. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். சொன்னதுக்கப்புறம் இன்னும் நாலு பேரு படிக்கட்டுமேன்னு இங்க எழுதுறேன்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிகிட்டிருந்தார், 2021 மே மாசம் கரோனா ரெண்டாவது அலையில போயிட்டார். எங்களுக்கு குழந்தை இல்ல. வட சென்னையில மாமனார் சம்பாதிச்சு கட்டுன வீடு, கீழ மாமியாரும் கொழுந்தன் குடும்பமும், மாடியில ஓடு போட்ட ஒரு ரூம்ல நாங்க. அவர் இருந்தவரைக்கும் பெரிசா சண்டை சச்சரவு இல்ல, போன பிறகுதான் நான் அந்த வீட்ல யாருன்னே தெரியாம போச்சு. கரோனாவுல இறந்தவங்க குடும்பத்துக்கு அரசு குடுத்த 50,000 ரூபா 2022 ஜனவரில என் அக்கவுண்டுக்கு வந்துச்சு, ஆட்டோ லோன் பாக்கின்னு கொழுந்தன் கேட்டார், எடுத்துக் குடுத்தேன். ஆட்டோவ 90,000-க்கு வித்தாங்க, அதுல ஒத்த ரூபா என் கண்ணுல படல. பிப்ரவரில ஒரு நாள் ஈபி பேர் மாத்தணும்னு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு கூட்டிட்டு போனாங்க. ஈபி பேர் மாத்த ரிஜிஸ்டர் ஆபீஸ் எதுக்குன்னு இன்னைக்கு கேக்கத் தோணுது, அன்னைக்கு தோணல. போட்டோ எடுத்தாங்க, கைரேகை வாங்குனாங்க, ஆபீசர் "இஷ்டப்பட்டுதானேம்மா எழுதிக் குடுக்குறீங்க"ன்னு கேட்டார், கொழுந்தன் பக்கத்துலயே நின்னார், நான் தலைய ஆட்டுனேன். நான் பத்தாவது படிச்சவ, தமிழ்ல தான் எழுதியிருந்துச்சு, படிச்சிருக்கலாம். பத்திரம் எழுதுறவர் வேகமா தாள திருப்பிகிட்டே "இங்க, இங்க, இங்க"ன்னு விரல வெச்சார், நான் அந்த விரல மட்டும்தான் பார்த்தேன்.

அது விடுதலைப் பத்திரம். அதாவது அந்த வீட்ல எனக்கு உரிமைப்பட்ட பங்க நானே விட்டுக்குடுத்துட்டேன்னு அர்த்தம். எவ்வளவு பங்குன்னு அப்புறம்தான் வக்கீல் கணக்கு போட்டு சொன்னாங்க. மாமனார் உயில் எழுதாம செத்துட்டார், அதனால மாமியார், ரெண்டு பசங்க மூணு பேருக்கும் சமமா ஆளுக்கு ஒரு பங்கு, அதுல என் வீட்டுக்காரர் பங்குல பாதி எனக்கு, பாதி அவங்கம்மாவுக்கு. ஆக மொத்த வீட்ல ஆறுல ஒரு பங்கு எனக்கு. சின்னதுதான், ஆனா வட சென்னையில ஆறுல ஒரு பங்குன்னா ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்து, ஒரு மிஷின் வாங்கி, நாலு வருஷம் வாடகை கட்டலாம். யாராவது உங்கள கையெழுத்து போட கூப்பிட்டா ரெண்டு நாள் முன்னாடியே அந்தத் தாள போட்டோ எடுத்து வெளியாள் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. தர மாட்டேன்னு சொன்னா அதுவே பதில். மேல தலைப்புல என்ன பத்திரம்னு போட்டிருக்கும், கிரயமா, செட்டில்மென்ட்டா, விடுதலையா, அந்த ஒரு வார்த்தைய மட்டுமாவது படிங்க. இருக்குற வீட்டுக்கு ஏற்கனவே ஏதாவது எழுதியிருக்காங்களான்னு பதிவுத்துறை வெப்சைட்லயே வில்லங்கம் போட்டு காசில்லாம பாக்கலாம்.

ஜூன் கடைசில, வீட்ட இடிச்சு கட்டப்போறோம், நீ உங்க அண்ணன் வீட்டுக்கு போயிடுன்னு சொன்னாங்க. நான் அழுது சத்தம் போட்டேன், அடுத்த நாள் காலைல என் துணி ரெண்டு பையில கட்டி படிக்கட்டு கீழ இருந்துச்சு. தெருவே பாத்துச்சு. அந்த வெக்கத்துல பைய தூக்கிகிட்டு நடந்துட்டேன். நான் செஞ்ச தப்புலயே பெரிய தப்பு கையெழுத்து கூட இல்ல, அப்படி தன்னால வெளிய வந்ததுதான். 2005 குடும்ப வன்முறை சட்டத்துல, கல்யாணம் பண்ணி வாழ்ந்த வீடு யார் பேர்ல இருந்தாலும் அங்க இருக்க நமக்கு உரிமை இருக்கு, கோர்ட் உத்தரவு இல்லாம வெளிய தள்ள முடியாது. மாமனார் மாமியார் பேர்ல இருக்குற வீட்டுக்கும் இது பொருந்தும்னு 2020-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. அன்னைக்கு படிக்கட்டுல உக்காந்து 181-க்கு ஒரு போன் போட்டிருந்தா அடுத்து நடந்தது எதுவுமே நடந்திருக்காது. எனக்கு அந்த நம்பர் ஆஸ்பத்திரில 67 ராத்திரி கழிச்ச பிறகுதான் தெரிஞ்சுது.

அண்ணன் வீடு விழுப்புரம் பக்கம். 12 நாள் இருந்தேன். அண்ணிய குறை சொல்ல மாட்டேன், ரெண்டு ரூம் வீட்ல வயசுக்கு வந்த பொண்ணு ரெண்டு பேரு, நான் எங்க படுக்குறது. அங்க யாரும் போன்னு சொல்லல, ஆனா சாப்பாட்டு தட்டு வைக்கிற சத்தம் மாறும்போது நமக்கே புரியும். மெட்ராஸ்ல எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை கிடைச்சிருக்கு, ஹாஸ்டலும் அவங்களே தர்றாங்கன்னு பொய் சொல்லிட்டு 3,400 ரூபாயோட பஸ் ஏறிட்டேன்.

லேடீஸ் ஹாஸ்டல் மூணு எடத்துல கேட்டேன். மாசம் 5,000, அட்வான்ஸ் 5,000, அப்புறம் கம்பெனி ஐடி கார்டு, வீட்டாள் ஒருத்தர் வந்து கையெழுத்து போடணும். வேலை தேடிப் போனா "எங்கம்மா தங்கியிருக்க, அட்ரஸ் சொல்லு"ன்னு கேக்குறாங்க. வேலை இருந்தாதான் வீடு, வீடு இருந்தாதான் வேலை. முதல் ராத்திரி ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்தேன். பிளாட்பார்ம் டிக்கெட் 10 ரூபா, ரெண்டு மணி நேரத்துக்குதான் செல்லும், மறுபடி மறுபடி எடுத்தேன். மூணாவது ராத்திரி விடியக்காலைல கண்ணு சொருகிடுச்சு, முழிச்சா ஒரு பைய காணோம். அதுல தான் ஆதார், பேங்க் பாஸ்புக், அவரோட இறப்பு சான்றிதழ், எங்க கல்யாண போட்டோ ஒண்ணு, போன் சார்ஜர் எல்லாம் இருந்துச்சு. போன் இடுப்புல இருந்ததால தப்பிச்சுது, அதுவும் ரெண்டு நாள்ல செத்துப்போச்சு, பிறகு 600 ரூபாய்க்கு வித்துட்டேன். அந்த 600 ரூபாய்க்கு நான் இழந்தது என் நம்பர். வேலைக்கு சொல்லி வெச்சிருந்த ரெண்டு எடத்துல இருந்து கூப்பிட்டிருந்தா கூட எனக்கு தெரியாது. எந்த நிலைமை வந்தாலும் போன விக்காதீங்க, வித்தாலும் சிம்ம எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள தெச்சு வெச்சுக்கோங்க. ஆதார் நம்பர மனப்பாடம் பண்ணுங்க. டாக்குமென்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து நம்புற ஒரு ஆளுக்கு அனுப்பி வெச்சிடுங்க.

ஆஸ்பத்திரிக்கு எப்படி போனேன்னா, ஸ்டேஷன்ல பூ கட்டுற ஒரு அக்கா சொன்னாங்க, "பொம்பளையா இருந்துட்டு இங்க ஏன்டி உக்காந்திருக்க, ஆஸ்பத்திரிக்கு போ, அங்க அட்டெண்டர்ங்க, அதான் நோயாளிக்கு துணைக்கு வந்தவங்க, நூறு பேரு படுத்திருப்பாங்க, யாரும் கேக்க மாட்டாங்க." அந்த அக்கா குடும்பம் பாரிமுனை பக்கம் பிளாட்பாரத்துலயே மூணு தலைமுறையா இருக்கு. வோட்டர் கார்டு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, புள்ளைங்க ஸ்கூலுக்கு போகுது, வீடு மட்டும் இல்ல. ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல அரசு குடியிருப்பு தர்றோம்னு சொன்னா ஏன் போகலன்னு நானும் எல்லாரையும் போலத்தான் கேட்டேன். "விடிகாலை மூணு மணிக்கு பூ எடுக்கணும், பெரும்பாக்கத்துல இருந்து எந்த பஸ்ல வர்றது?"ன்னு கேட்டாங்க. ராத்திரி அந்த வீட்டு ஆம்பளைங்களும் பெரிய பொம்பளைங்களும் முறை வெச்சு முழிச்சிருப்பாங்க, வயசுப் பொண்ணுங்கள நடுவுல படுக்க வெச்சு சுத்தி படுப்பாங்க. ஒரு நாள் கூட எல்லாரும் சேர்ந்து தூங்குனதில்லன்னு அந்த அக்கா ரொம்ப சாதாரணமா சொன்னாங்க.

அந்த தூக்கத்த பத்தி கொஞ்சம் எழுதணும். தெருவுல இருந்தா பசி தான் பெரிய கஷ்டம்னு வெளிய இருக்குறவங்க நினைப்பாங்க. பசிக்கு வழி இருந்துச்சு, ஆஸ்பத்திரிலயே அம்மா உணவகம், காலைல ஒரு ரூபா இட்லி நாலு, மத்தியானம் 5 ரூபா சாம்பார் சாதம், ராத்திரி சப்பாத்தி ரெண்டு 3 ரூபா, ஒரு நாள் 15 ரூபாய்ல வயிறு நிறையும். தூக்கத்துக்குதான் வழியே இல்ல. பைய கால்ல கட்டி, செருப்ப தலைக்கு அடியில வெச்சு, முதுக செவுத்துல சாய்ச்சு உக்காந்தே தூங்கணும். பக்கத்துல யாரு நடந்தாலும் உடம்பு தூக்கிப் போடும். ஒரு தடவை போர்வைக்குள்ள ஒரு கை வந்துச்சு, நான் கத்துன கத்துல வார்டு லைட்டே போட்டாங்க, ஆனா செக்யூரிட்டி என்னத்தான் கேட்டார், "எந்த வார்டு, பேஷன்ட் பேர் என்ன?" எனக்கு பேஷன்ட் இல்லையே. செத்துப்போன என் வீட்டுக்காரர் பேர சொன்னேன். அன்னைக்கு ராத்திரி முழுக்க அவர் நிஜமாவே உள்ள ஏதோ ஒரு பெட்ல படுத்திருக்குற மாதிரியும், காலைல டீ வாங்கிட்டு போகணும்ங்கற மாதிரியும் இருந்துச்சு. புத்தி கலங்குறதுன்னா அதுதான்னு இப்ப புரியுது. பகல்ல தூங்க ஒரு வழி கண்டுபிடிச்சேன். சாதா கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்கு காசு கிடையாது, 2021 மே மாசத்துல இருந்து. பிராட்வேல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் ஜன்னலோரம் தூங்குவேன், அங்கிருந்து திரும்பி ஏறி தூங்குவேன். ஒரு கண்டக்டர் அண்ணா ரெண்டு மூணு நாள் கவனிச்சுட்டு ஒண்ணும் கேக்காம பின் சீட்டு காட்டி "அங்க ஆட்டம் கம்மிம்மா, இந்தப் பக்கம் வெயில் வரும், அந்தப் பக்கம் உக்காருங்க"ன்னார். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆஸ்பத்திரி வளாகத்துல என்ன மாதிரி பேஷன்ட் இல்லாத அட்டெண்டர் நிறைய பேர் இருந்தாங்க, போகப் போகத்தான் ஒருத்தர ஒருத்தர் அடையாளம் தெரிஞ்சுது. ஒரு ஆயா, 70 வயசுக்கு மேல இருக்கும், கண் ஆபரேஷனுக்கு கூட்டிட்டு வந்த மகன் "மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்"னு போனவன் நாலு மாசமா வரல. டிஸ்சார்ஜ் ஆனதும் வெளிய வந்து அதே பெஞ்சுல உக்காந்தவங்கதான். எடத்த மாத்துனா மகன் வந்து தேடுவானாம். பெத்தவங்கள இப்படி விட்டுட்டு போனா ஜெயில் வரைக்கும் போகலாம்னு 2007-லயே சட்டம் இருக்கு, ஆர்டிஓகிட்ட, அதாவது வருவாய் கோட்டாட்சியர்கிட்ட, மனு குடுத்தா ஜீவனாம்சமும் கேக்கலாம்னு பிற்பாடு தெரிஞ்சு நான் சொன்னப்ப ஆயாவுக்கு கோபம் வந்துருச்சு, "எம்புள்ளைய போலீஸ்ல குடுக்கவா உன்ன பேச வெச்சேன்"னு ரெண்டு நாள் என்கிட்ட பேசல. இன்னொரு பொண்ணு, 25 வயசு இருந்தா அதிகம், மருந்துச் சீட்டா பொறுக்கி அடுக்கி வெச்சுகிட்டே இருக்கும், குழந்தை பிறந்த பிறகு இப்படி ஆயிடுச்சுன்னு யாரோ சொன்னாங்க, எந்த ஊருன்னு தெரியாது, பேச்சு தெலுங்கு மாதிரி இருக்கும். எல்லாரும் அத பைத்தியம்னு ஒதுக்குனோம், நானும்தான். மனநலம் பாதிச்சு தெருவுல திரியுறவங்கள போலீஸ் பாதுகாப்பா எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்கு கூட்டிட்டு போய் காட்டணும்னு 2017 மனநல சட்டத்துல இருக்கு, ஒரு போன் போட்டிருந்தா அந்தப் பொண்ணுக்கு கீழ்ப்பாக்கத்துலயோ வேற எங்கயோ வைத்தியம் கிடைச்சிருக்கும். ஒரு நாள் காலைல அந்த சீட்டுக் கட்டு மட்டும் இருந்துச்சு, பொண்ணு இல்ல. அது என் மனசுல முள்ளா தான் இருக்கு. நீங்க அப்படி யாரையாவது பாத்தா 100-க்கு கூப்பிட்டு, "மனநல சட்டப்படி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க"ன்னு அந்த வார்த்தையோடயே சொல்லுங்க. 14416-ன்னு மனநலத்துக்கு ஒரு ஹெல்ப்லைனும் இப்ப இருக்கு.

ஆகஸ்ட் 15-க்கு முன்னாடி போலீஸ் செக்கிங் ஜாஸ்தி ஆச்சு, ஆஸ்பத்திரிலயும் அட்டெண்டர் பாஸ் கேக்க ஆரம்பிச்சாங்க. மழை வேற. ஒரு வாரம் காய்ச்சல். அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே படுத்திருந்தும் நான் ஓபி சீட்டு வாங்கல, ஏன்னா அட்ரஸ் கேப்பாங்களேன்னு பயம். உண்மையில ஓபி சீட்டுக்கு பேரும் வயசும் ஊரும் சொன்னா போதும், எந்த ஊர வேணா சொல்லலாம், அது அப்ப என் மூளைக்கு எட்டல. வீடு இல்லன்னு ஆன பிறகு யார பாத்தாலும் நம்மள கண்டுபிடிச்சுடுவாங்கன்னு ஒரு பயம் ஒட்டிக்குது. எனக்கு கிடைச்சிருக்க வேண்டிய உதவி ஒவ்வொண்ணும் அந்த பயத்தாலயும் வெக்கத்தாலயும்தான் தள்ளிப் போச்சு. அண்ணனுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பாரு.

கடைசில காப்பாத்துனது தூய்மைப் பணி பாக்குற ஒரு அக்கா. என்ன ரொம்ப நாளா பாத்துட்டு இருந்திருக்காங்க. செப்டம்பர்ல ஒரு நாள், "உனக்கு பேஷன்ட் யாரும் இல்லன்னு எனக்கு தெரியும், கார்ப்பரேஷன் காப்பகம் இருக்கு, பொம்பளைங்களுக்கு தனியா இருக்கு, வர்றியா?"ன்னு நேரா கேட்டாங்க. காப்பகம்னதும் எனக்கு பிச்சைக்காரங்கள புடிச்சு அடைக்கிற எடம்னு நினைப்பு. முடியாதுன்னேன். மறுநாளும் கேட்டாங்க. போனேன். கதவு பூட்டல. ஆதார் கேக்கல. பேர், ஊர், யாருக்கு தகவல் சொல்லணும்னு ஒரு ஃபாரம், அவ்வளவுதான். பாய், தலகாணி, ஒரு சின்ன டிரங்கு பெட்டி, அதுக்கு பூட்டு சாவி. அந்த சாவிய கையில வாங்குனப்ப எனக்கு வந்த அழுகை, அவர் செத்த அன்னைக்கு கூட அப்படி வரல. அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு படுத்தவ அடுத்த நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு எழுந்தேன், யாரும் எழுப்பல.

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம்ங்கற கணக்குல நகரங்கள்ல 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2010-லயே உத்தரவு போட்டதாம், அதனாலதான் இதெல்லாம் வந்துச்சுன்னு காப்பகத்து மேடம் சொன்னாங்க. ஆம்பளைங்க, பொம்பளைங்க, வயசானவங்க, சின்ன பசங்கன்னு தனித்தனியா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வர்ற அட்டெண்டர்களுக்கே கூட சில அரசு ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ள காப்பகம் இருக்குன்னு கேட்டப்ப தலைல அடிச்சுகிட்டேன். சென்னையா இருந்தா 1913-க்கு போன் பண்ணி வீடற்றோர் காப்பகம் எங்க இருக்குன்னு கேளுங்க, வயசானவங்கன்னா 14567. ராத்திரியில போறத விட பகல்ல போனா நல்லது, எடம் இல்லன்னா கூட அடுத்த காப்பகத்துக்கு போன் பண்ணி கேட்டு அனுப்ப நேரம் இருக்கும். எல்லா காப்பகமும் ஒரே மாதிரி இருக்காது, எங்க காப்பகத்துலயும் பாத்ரூமுக்கு சண்டை, திருட்டுப் பேச்சு, குடிச்சுட்டு வர்ற ஒரு அம்மா எல்லாம் உண்டு. ஆனா கதவு இருக்கு.

அங்கிருந்து மெதுவா சரி ஆச்சு. ஆதார் நம்பர் எனக்கு பாதிதான் ஞாபகம் இருந்துச்சு, நல்லவேளை அண்ணன்கிட்ட என் ஆதார் ஜெராக்ஸ் இருந்துச்சு, அதுக்காகவாவது போன் பண்ண வேண்டியதாச்சு. சென்டர்ல கைரேகை வெச்சு 30 ரூபாய்ல பிரிண்ட் வாங்குனேன். தொலைஞ்ச டாக்குமென்ட்டுக்கு போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்க வேணாம், தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே தொலைஞ்ச ஆவணத்துக்கு ரிப்போர்ட் போட்டு பிரிண்ட் எடுத்துக்கலாம். மேடம் எழுதிக் குடுத்த லெட்டர வெச்சு வேலைக்கு சேர்ந்தேன், பீஸ் ரேட்டு, மாசம் எட்டாயிரம் ஒம்பதாயிரம் வரும். பாரிமுனை ஹைகோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு கூட்டிட்டு போனதும் அவங்கதான். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்க வக்கீல் இலவசம், 15100 நம்பர். ஏமாத்தி வாங்குன பத்திரத்த ரத்து பண்ண, ஏமாத்துனது தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும்னு சொன்னாங்க. போட்டிருக்கேன். வாய்தா மேல வாய்தா, இன்னும் முடியல. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகுது, கோர்ட்ல கொழுந்தன் என்ன பாக்குறதே இல்ல, மாமியார் மட்டும் போன தடவை "சாப்பிட்டியா"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்ல வரல.

இப்ப புளியந்தோப்புல ஒரு ரூம், 3,500 வாடகை. மூணு வருஷம் ஆகப் போகுது, இன்னும் விடியக்காலை மூணரைக்கு முழிப்பு வந்துடுது, ஸ்டேஷன்ல பெருக்கித் தள்ள வர்ற நேரம் அது. பைய கால்ல கட்டாம படுத்தா தூக்கம் வராது, இப்பவும் ஒரு துப்பட்டாவ பைக்கும் கணுக்காலுக்கும் முடிச்சு போட்டுதான் படுக்குறேன். டாக்டர்கிட்ட சொன்னேன், இது பயத்தால வந்தது, மெதுவா போகும், பேசுங்கன்னாங்க. அதுக்காகவும்தான் இத எழுதுறேன்னு வெச்சுக்கோங்க. ஆயாவ பாக்க மாசம் ஒரு தடவை போவேன், முதியோர் காப்பகத்துக்கு மாறிட்டாங்க, ஆனா போகும்போது ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு பக்கத்து டீக்கடைல புது அட்ரஸ எழுதிக் குடுத்துட்டுதான் போயிருக்காங்க, மகன் வந்தா சொல்லச் சொல்லி.

தையல் யூனிட்டுக்கு புதுசா வந்த அந்தப் பொண்ணு இன்னும் கையெழுத்து போடல. பத்திரத்தோட போட்டோ கேளுன்னு சொன்னேன், மூணு நாள் கழிச்சு கொழுந்தன் பொண்டாட்டி போன்ல இருந்து எப்படியோ எடுத்துட்டு வந்துடுச்சு. தலைப்ப பெருசு பண்ணி ரெண்டு பேரும் படிச்சோம். சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கேன், பாரிமுனைக்கு கூட்டிட்டு போறேன்.